மின்சாரக் காருக்கு மாற்று டயர்

தேவாரத்தில் திருக்காளத்தி எனப் போற்றப்பெறும் காளஹஸ்தி, பொன்முகலி என்னும் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் தலமாகும். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. ஐம்பூதத் தலங்களுள் இது காற்றுக்கு உரியது. சென்னையிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் இத்தலத்துக்கு வரும் வண்டிகளும் ஒருவகையில் காற்றின் மீதே ஏறி வருகின்றன. காரின் முழுப்பளுவையும் தாங்கி நிற்பது டயருக்குள் அடைபட்ட காற்றே ஆகும்.

அண்மை ஆண்டுகளில் இச்சாலைகளில் மின்சாரக் கார்கள் பெருகி வருகின்றன. தொழிற்சாலையிலிருந்து காருடன் வந்த டயர்கள் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடுகின்றன. அப்போது உரிமையாளர் முதல் முறையாக டயரைத் தாமே தேர்ந்தெடுக்க நேரிடுகிறது. முதல் டயரைக் காரின் பொறியாளர்கள் பல சோதனைகளுக்குப்பின் தெரிந்தெடுத்தார்கள். இரண்டாம் டயரைத் தெரிந்தெடுப்பவரோ கடைக்காரரின் சொல்லையும் விலைப் பட்டியலையும் மட்டுமே நம்ப வேண்டியுள்ளது. இத்தேர்வைப் பொறுத்தே கார் ஒரு மின்னேற்றத்தில் ஓடும் தூரமும், பயணத்தின் சௌகரியமும், மழையில் பிரேக் பிடிக்கும் திறனும் அமைகின்றன. ஆகவே இதன் அடிப்படையான விஞ்ஞான உண்மைகளை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

காற்றடைத்த சக்கரம்

காற்றடைத்த சக்கரத்துக்கு 1845ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பவர் காப்புரிமை பெற்றார். ஆனால் அது அக்காலத்தில் வழக்கத்துக்கு வரவில்லை. 1888ஆம் ஆண்டில் ஜான் பாய்ட் டன்லப் அதனை மீண்டும் கண்டுபிடித்துச் சைக்கிளுக்குப் பயன்படுத்தினார். பின்னர் 1946இல் பிரான்ஸ் நாட்டு மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. இதில் டயரின் உள்ளிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காகச் செல்கின்றன. தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் அமைகின்றன. இன்றைய கார்களில் உள்ளவை இத்தகைய டயர்களே.

நான்கு டயர்களும் தரையைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. ஆட்களுடன் சேர்த்து 1,600 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரில், ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் ஏறத்தாழ 400 கிலோகிராம் பளு விழுகிறது. டயரில் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தம் இருந்தால், இப்பளுவைத் தாங்க ஏறத்தாழ 160 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையில் படிய வேண்டும். இது விரல்களுடன் கூடிய ஓர் உள்ளங்கையின் பரப்பளவே. ஓடுவதும், திரும்புவதும், நிற்பதும் ஆகிய எல்லாச் செயல்களும் இந்நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே நிகழ்கின்றன.

உருளும்போது வீணாகும் சக்தி

டயர் உருளும்போது அதன் ஒவ்வொரு பகுதியும் தரைக்கு வந்து நசுங்குகிறது; தரையை விட்டு நீங்கியதும் பழைய வடிவத்தை அடைகிறது. ரப்பர் ஒரு சரியான வில் அன்று. நசுங்கும்போது அது ஏற்ற சக்தி முழுவதையும் விரியும்போது திருப்பித் தருவதில்லை. எஞ்சிய பங்கு வெப்பமாக மாறிவிடுகிறது. இதனை இயற்பியலார் தயக்கம் என்பர். நெடுந்தூரம் ஓடிய டயரைத் தொட்டுப் பார்த்தால் சுடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இவ்வாறு வீணாகும் சக்தி, வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் ஒரு தடையாக வெளிப்படுகிறது. இதற்கு உருளல் தடை என்று பெயர். இத்தடையை வண்டியின் பளுவால் வகுத்துக் கிடைக்கும் எண் உருளல் தடைக் குணகமாகும். கார் டயர்களில் இது பெரும்பாலும் 0.006 முதல் 0.012 வரை இருக்கும். எண் சிறியதாயின் டயர் சிக்கனமானது எனக் கொள்ளலாம்.

இச்சிறு எண்களின் வேறுபாடு எவ்வளவு தூரம் பயனளிக்கும் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். மேற்கூறிய 1,600 கிலோகிராம் காரின் பளு ஏறத்தாழ 15,700 நியூட்டன். குணகம் 0.010 ஆக உள்ள டயரில் உருளல் தடை 157 நியூட்டன், 0.007 ஆக உள்ள டயரில் 110 நியூட்டன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 47 நியூட்டன். நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இது 47 லட்சம் ஜூல் சக்தியாகிறது. 36 லட்சம் ஜூல் கொண்டது ஒரு யூனிட் மின்சாரமாதலால், வேறுபாடு 1.3 யூனிட் ஆகும். பாட்டரியிலிருந்து சக்கரம் வரையுள்ள இழப்புகளையும் சேர்த்தால், பாட்டரியிலிருந்து செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஒன்றரை யூனிட் வேறுபடும்.

முதல் டயருடன் இக்கார் நூறு கிலோமீட்டருக்கு 14 யூனிட் செலவழிக்கிறது எனக் கொள்வோம். இரண்டாம் டயருடன் அது பன்னிரண்டரை யூனிட்டே செலவழிக்கும். 40 யூனிட் கொள்ளளவுள்ள பாட்டரியால் முதல் டயரில் ஏறத்தாழ 286 கிலோமீட்டரும், இரண்டாம் டயரில் 320 கிலோமீட்டரும் செல்லலாம். மிகுதியாகக் கிடைக்கும் 34 கிலோமீட்டர், காளஹஸ்தியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் தூரத்தில் பெரும்பகுதியாகும். ஒரு தொகுதி டயர்கள் 40,000 கிலோமீட்டர் உழைத்தால் 600 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் எனக் கொண்டால் இது 4,800 ரூபாய். டயர்களின் விலை வேறுபாட்டை இத்தொகையுடன் ஒப்பிட்டுப் பார்த்தால், எது மலிவு என்பது விளங்கும்.

மின்சாரக் காரின் தனித் தேவைகள்

பெட்ரோல் காரிலும் உருளல் தடை உண்டு. ஆனால் அதன் எஞ்சினில் எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுவதால், டயரின் பங்கு அதனுள் மறைந்துவிடுகிறது. மின்சார மோட்டாரிலோ இழப்பு மிகக் குறைவு. ஆகவே டயரில் போகும் சக்தி மொத்தச் செலவில் பெரும்பங்காகத் தெரிகிறது. மேற்கூறிய கணக்கில் அது நான்கில் ஒரு பங்குக்கு மேல்.

இரண்டாவதாக, பாட்டரியின் காரணமாக மின்சாரக் கார், அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிடப் பல நூறு கிலோகிராம் வரையிலும் கனம் கூடுதலாக இருக்கலாம். டயர் அப்பளுவைத் தாங்கவல்லதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையையும் தரவல்லது. வேகம் குறையும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஓட்டச் சக்தியை மின்சாரமாக்கிப் பாட்டரிக்கு அனுப்புகிறது. இவ்விரு செயல்களிலும் மோட்டாருடன் இணைந்த சக்கரங்களின் டயர்களே இழுபடுகின்றன. எனவே அவை மற்ற இரண்டைவிட விரைவில் தேய்கின்றன. எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் டயர்களை இடம் மாற்றி, சக்கர நேர்மையையும் சரிபார்த்துக் கொள்வது நலம்.

நான்காவதாக, எஞ்சின் ஓசை இல்லாமையால், முன்பு கேளாதிருந்த டயரின் ஓசை இப்போது காதில் விழுகிறது.

மூன்று குணங்களும் ஒரு முக்கோணமும்

சிக்கனம் ஒன்றையே கருதினால், மிகக் குறைந்த உருளல் தடையுள்ள டயரை வாங்கினால் போதுமே எனத் தோன்றலாம். ஆனால் டயர்த் தொழிலில் நெடுநாளாக அறியப்பட்ட ஓர் இடர்ப்பாடு உண்டு. உருளல் தடை, ஈரச்சாலைப் பிடிப்பு, தேய்மானம் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளைப் போன்றவை. ஒன்றைச் சீராக்க முயன்றால் மற்ற இரண்டில் ஏதேனும் ஒன்று குறைவுபடும்.

இதன் காரணம் ரப்பரின் இயல்பிலேயே உள்ளது. ஈரச்சாலையில் டயர் பிடிப்பது, ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்தி மீளும்போது சக்தியை இழப்பதனாலேயே ஆகும். எந்த இழப்பு உருளும்போது குறையாகக் கருதப்படுகிறதோ, அதே இழப்பு பிரேக் பிடிக்கும்போது காப்பாற்றுகிறது. ஆயினும் இவ்விரு செயல்களும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ எட்டு முறை சுற்றுகிறது. ரப்பர் நசுங்கி விரிவதும் அத்தனை முறையே. பிரேக் பிடித்துச் சறுக்கும்போதோ, சாலையின் நுண்துகள்கள் ரப்பரை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அதிரச் செய்கின்றன. மெதுவான அசைவில் குறைவாகவும், விரைவான அதிர்வில் மிகுதியாகவும் சக்தியை இழக்கும் ரப்பர்க் கலவை கிடைத்தால் இரண்டும் கைகூடும்.

அத்தகைய கலவைக்குச் சிலிக்கா வழி காட்டியது. டயர் ரப்பருக்கு வலிமை சேர்க்கப் பல்லாண்டுகளாகக் கார்பன் கறுப்பு எனப்படும் கரித்தூளே கலக்கப்பட்டு வந்தது. டயரின் கருநிறம் அதனால் வந்ததே. 1990களின் தொடக்கத்தில், அதன் பெரும்பகுதிக்குப் பதிலாக மிக நுண்ணிய சிலிக்காவைக் கலந்த கார் டயர்கள் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தன. மணலின் முக்கியக் கூறான சிலிக்கா இயல்பாக ரப்பருடன் ஒட்டுவதில்லை. சிலேன் என்னும் இரசாயனப் பொருள் இரண்டையும் பிணைக்கிறது. இக்கலவையால் ஈரப் பிடிப்புக் குறையாமலே உருளல் தடை கணிசமாகக் குறைந்தது. இன்று மின்சாரக் காருக்கெனச் செய்யப்படும் டயர்கள் பெரும்பாலும் சிலிக்கா மிகுந்தவையே. ஆயினும் முக்கோணம் முற்றும் மறைந்துவிடவில்லை. மலிவான டயர் ஒன்று சிக்கனத்தை மட்டும் பெரிதாகப் பறைசாற்றினால், ஈரப் பிடிப்பு எப்படி என்று கேட்டறிதல் வேண்டும்.

இக்கேள்வி உயிரைப் பற்றியது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஈரச்சாலையில் பிரேக் பிடிப்பதாகக் கொள்வோம். டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.7 ஆயின் கார் 36 மீட்டரில் நிற்கும். 0.5 ஆயின் 50 மீட்டருக்கு மேல் செல்லும். முதல் கார் முற்றும் நின்றுவிட்ட இடத்தில், இரண்டாம் கார் மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். அவ்விடத்தில் சாலையைக் கடக்கும் ஒருவர் இருந்தால் விளைவை விவரிக்கத் தேவையில்லை. ஒன்றரை யூனிட் மின்சாரத்துக்காக இத்தகைய இழப்பை ஏற்பது சிக்கனமாகாது.

டயரின் மீதுள்ள எழுத்துகள்

டயரின் பக்கச்சுவரில் அதன் அளவும் திறனும் பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 215/60 ஆர் 16 95 எச் என்ற குறியைக் காண்போம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. இங்கு 129 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 95 என்பது பளு எண். அட்டவணைப்படி ஒரு டயர் 690 கிலோகிராம் தாங்கும் என்பது இதன் பொருள். எச் என்பது வேக எழுத்து. மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அனுமதிக்கப்படும் என்பதைக் குறிக்கும்.

மாற்று டயரின் பளு எண், காருடன் வந்த டயரின் எண்ணைவிடக் குறைவாக இருத்தல் கூடாது. 91 என்ற எண்ணுள்ள டயர் 615 கிலோகிராமே தாங்கும். கனமான பாட்டரி, ஐந்து ஆட்கள், மூட்டை முடிச்சுகள் ஆகியவற்றோடு செல்லும்போது இக்குறைவு டயரை மிகுதியாக நசுக்கிச் சூடேற்றும். அதே அளவிலேயே மிகுபளு தாங்கும் டயர்களும் உண்டு. அவற்றில் எக்ஸ்.எல். என்ற குறி இருக்கும். இவை கூடுதலான காற்றழுத்தத்தில் கூடுதலான பளுவைத் தாங்குவன. மேற்கண்ட அளவில் எக்ஸ்.எல். டயரின் பளு எண் 99, அதாவது 775 கிலோகிராம். 2021 முதல் எச்.எல். என்ற புதிய குறியும் வந்துள்ளது. இது எக்ஸ்.எல். வகையைவிடவும் மிகுதியான பளுவைத் தாங்குவது. கனமான மின்சாரக் கார்களைக் கருதி வகுக்கப்பட்டது.

நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு எண்கள் தயாரிப்புக் காலத்தைக் காட்டும். 1825 என இருந்தால், 2025ஆம் ஆண்டின் பதினெட்டாம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ரப்பர் வெப்பத்தாலும் காலத்தாலும் இறுகுவது. நெடுநாள் கிடங்கிலிருந்த டயரை, ஓடாதது என்ற ஒரே காரணத்தால் புதியது எனக் கொள்ளலாகாது.

சௌகரியம்

பக்கச்சுவர் உயர்ந்திருந்தால் காற்றின் மெத்தையும் உயர்ந்திருக்கும். குழிகளின் அதிர்ச்சி காருக்குள் குறைவாகவே எட்டும். அழகு கருதிச் சிலர் 16 அங்குல ரிம்மை மாற்றி 17 அங்குல ரிம் பொருத்துவர். அப்போது வெளிவிட்டம் மாறாதிருக்க 215/55 அளவுள்ள டயரைப் போட வேண்டும். அதன் பக்கச்சுவர் 118 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு சென்டிமீட்டர்க் குறைவு சிறிதெனத் தோன்றினும், குழியில் விழும்போது ரிம் வளைவதற்கும் டயர் வெடிப்பதற்கும் அது வழிகோலும். அகன்ற டயரும் பெரிய ரிம்மும் பெரும்பாலும் கனத்தையும் காற்றுத் தடையையும் கூட்டுவதால், பாட்டரியின் தூரமும் குறையும். சௌகரியம், சிக்கனம் ஆகிய இரண்டையும் விரும்புவோர் தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே நிற்பது நன்று.

ஓசை இரு வகையில் பிறக்கிறது. பட்டறைகளில் பட்டன் எனப்படும் தரைப்பகுதியின் கட்டிகள் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக மோதுவது ஒன்று. எல்லாக் கட்டிகளும் ஒரே நீளமாயிருந்தால் ஒரே சுருதியில் ஊளை எழும். ஆகவே பல நீளங்களில் அவற்றைக் கலந்து அமைத்து ஓசையைச் சிதறச் செய்கிறார்கள். மற்றொன்று, டயருக்குள் வளையமாக அடைபட்ட காற்று, குழலுக்குள் இருக்கும் காற்றைப்போல் ஒலிப்பது. இதன் சுருதி விநாடிக்கு ஏறத்தாழ 200 அதிர்வுகள். இதனைத் தணிக்கச் சில டயர்களின் உட்புறத்தில் நுரைப் பஞ்சு ஒட்டப்படுகிறது. ஓசை உண்மையாகவே குறைகிறது. ஆனால் பஞ்சர் ஒட்டும்போது நுரையை அவ்விடத்தில் நீக்கிவிட்டே ஒட்ட வேண்டும். சிற்றூர்ச் சாலைகளில் மிகுதியாகச் செல்வோர், அருகிலுள்ள பட்டறையில் அதற்கு வசதி உண்டா என்பதை அறிந்து வாங்குதல் நலம்.

சட்டமும் முத்திரையும்

நம் நாட்டில் டயரின் இக்குணங்கள் இன்று சட்ட வரம்புக்கு உட்பட்டவை. மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை அமைச்சகம் 2022ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று மத்திய மோட்டார் வாகன விதி 95ஐத் திருத்தி அறிவிக்கை வெளியிட்டது. கார், இலகுரக லாரி, பஸ், கனரக லாரி ஆகியவற்றின் டயர்கள், உருளல் தடை, ஈரப் பிடிப்பு, உருளும் ஓசை ஆகிய மூன்றிலும் ஏ.ஐ.எஸ். 142 என்னும் தரநிலையை எட்ட வேண்டும் என அது விதித்தது. இதன் மூலம் இந்தியாவின் விதிகள் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் விதிகளுடன் இசைவு பெற்றன.

தரநிலை என்பது கீழெல்லை. அதற்கு மேல் எது சிறந்தது என்பதை முத்திரைகள் காட்டுகின்றன. குளிர்ப்பெட்டிகளில் நட்சத்திரம் இடும் எரிசக்தித் திறன் பணியகம் டயர்களுக்கும் நட்சத்திர முத்திரை வகுத்துள்ளது. ஐந்து நட்சத்திரம் மிகச் சிக்கனமானதைக் குறிக்கும். எல்லா டயர்களிலும் இம்முத்திரை காணப்படுவதில்லை. ஐரோப்பிய முத்திரை, 2021 மே முதல், சிக்கனத்தையும் ஈரப் பிடிப்பையும் தனித்தனியே ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. அதன்படி உருளல் தடைக் குணகம் 0.0065க்கு மிகாத கார் டயர் சிக்கனத்தில் முதல் வகுப்பினது; 0.0105க்கு மேற்பட்டது கடைசி வகுப்பினது. அம்முத்திரை உள்ள டயரில் இரண்டு வகுப்புகளையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

புது டயரும் குறைந்த தூரமும்

புது டயர் பொருத்தியபின் கார் முன்போல் தூரம் போகவில்லை என்று உரிமையாளர் பலர் வருந்துவதுண்டு. கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகவும் எண்ணுவர். இதற்கு இயற்கையான இரு காரணங்கள் உள்ளன.

புது டயரின் பட்டன் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் ஆழமுடையது. தேய்ந்த டயரில் இரண்டு மில்லிமீட்டரே எஞ்சியிருக்கும். நசுங்கி விரியும் ரப்பர் குறைவாக இருப்பதால், தேய்ந்த டயரில் உருளல் தடையும் குறைவு. எனவே ஒரே வகை டயராயினும், பழையதைவிடப் புதியது சற்று மிகுதியாகச் சக்தி கேட்கும். மேலும், தேய்ந்த டயரின் விட்டம் 12 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். 664 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரில் இது இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு மிகுதியாகச் சுற்றுவதால், சுற்றுகளைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவந்தது. புது டயரில் அம்மிகை மறைந்துவிடுகிறது. ஆகவே பழைய டயரின் இறுதி நாட்களோடு ஒப்பிடாமல், அது புதிதாயிருந்தபோது கிடைத்த தூரத்தோடு ஒப்பிட்டே தீர்ப்புக் கூற வேண்டும்.

தேய்ந்த டயர் சிக்கனமானது என்பதால் அதனையே வைத்துக்கொள்ளலாமோ எனின், கூடாது. பட்டன் பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றும் வாய்க்கால்கள். அவை ஆழம் குறைந்தால், வேகத்தில் டயர் நீரின் மேல் மிதந்து பிடிப்பை இழக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ்த் தேய்ந்த கார் டயரைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பள்ளங்களின் அடியில் உள்ள சிறு மேடுகள் பட்டனுடன் சமமாகிவிட்டால் அவ்வெல்லை வந்துவிட்டதென அறியலாம். வடகிழக்குப் பருவமழையில் பெருமழை காணும் இப்பகுதியில், ஐப்பசிக்கு முன்பே டயரைச் சோதித்து, மூன்று மில்லிமீட்டரை நெருங்கியிருந்தால் மாற்றிவிடுவது அறிவுடைமையாகும்.

வெயிலும் மலைப்பாதையும்

காளஹஸ்தி, திருப்பதி வட்டாரத்தில் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். தார்ச்சாலையின் சூடு அதனினும் மிகுதி. வெப்பத்தால் டயருக்குள் உள்ள காற்றின் அழுத்தம் உயர்கிறது. விடியற்காலையில் 25 டிகிரியில் 35 பவுண்டு நிரப்பிய டயர், ஓடிச் சூடேறி 55 டிகிரியை அடைந்தால் 40 பவுண்டு காட்டும். இது இயல்பானதே. பதற்றத்தால் ஐந்து பவுண்டு காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலையில் 30 பவுண்டே இருக்கும். குறைந்த அழுத்தத்தில் டயர் மிகுதியாக நசுங்கிச் சூடேறும். வெடிப்புக்கு இது ஒரு முக்கிய காரணம். ஆகவே அழுத்தத்தை எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும்.

எத்தனை பவுண்டு நிரப்ப வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவின் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் காணும் அழுத்தம் அந்த டயரின் மேலெல்லையே. அதை நிரப்பினால் கார் கட்டாந்தரையில் குதிப்பதுபோல் குலுங்கும். நைட்ரஜன் நிரப்புவதில் தீங்கில்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருப்பதால், பெரும் பயனை எதிர்பார்த்தல் கூடாது.

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் 2022 செப்டம்பர் முதல் மின்சாரப் பஸ்கள் ஓடுகின்றன. மலையேற்றத்தில் புவியீர்ப்பை வெல்லச் செலவாகும் சக்தியே பெரிது. டயரின் சிக்கனம் அங்கு சிறு பங்கே பெறும். இறங்கும்போது மோட்டார் சக்தியின் ஒரு பகுதியைப் பாட்டரிக்கு மீட்டுத் தருகிறது. ஆயினும் மோட்டார் எவ்வளவு தடுத்தாலும், அத்தடுப்பைச் சாலைக்குக் கொண்டுசெல்வது டயரே. வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் மழைநாளில் செல்வோருக்கு ஈரப் பிடிப்பே முதற் குணமாகும். சமவெளி நெடுஞ்சாலையில் நாள்தோறும் நெடுந்தூரம் செல்வோருக்கு உருளல் தடையின் பயன் மிகுதி. ஒருவரது தேர்வு, அவர் பெரும்பாலும் செல்லும் சாலையைப் பொறுத்தே அமைய வேண்டும்.

தேர்வின் வரிசை

இத்தகைய டயர்களுக்கு வெளிநாட்டை எதிர்நோக்க வேண்டிய நிலை இப்போது இல்லை. 2022இல் அப்போலோ, சியட் முதலிய இந்திய நிறுவனங்கள் மின்சார வண்டிகளுக்கெனத் தனி டயர்களை வெளியிட்டன. திருப்பதி மாவட்டத்திலேயே, வரதய்யபாளையத்தை அடுத்த சின்னப்பண்டூரில், 2020இல் உற்பத்தியைத் தொடங்கிய அப்போலோ டயர் தொழிற்சாலை உள்ளது. எனினும் மின்சாரக் காருக்கென்று பெயரிட்ட டயர்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. பளுவும் பிடிப்பும் சிக்கனமும் பொருந்திய எந்த நல்ல டயரும் ஏற்றதே.

தேர்ந்தெடுப்பவர் கீழ்க்கண்ட வரிசையைப் பின்பற்றலாம்.

1. அளவும் பளு எண்ணும் வேக எழுத்தும் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்குக் குறையாதிருக்க வேண்டும்.

2. ஈரப் பிடிப்பில் உயர்ந்த வகுப்பினவற்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

3. அவற்றுள் உருளல் தடை குறைந்ததைத் தெரிதல் வேண்டும்.

4. அதன் பின்னரே ஓசையையும் உழைப்பையும் விலையையும் ஒப்பிட வேண்டும்.

5. நான்கு டயர்களும் ஒரே வகையாயிருப்பது நல்லது. இரண்டு மட்டும் மாற்றினால், ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இத்தனையும் பார்த்து வாங்கிய டயரைக் கவனியாது விட்டால் பயன் இல்லை. டயர் எவ்வளவு நல்லதாயினும், மாதத்துக்கு ஒன்று முதல் இரண்டு பவுண்டு வரை காற்று ரப்பரின் ஊடே கசிந்து வெளியேறும். நான்கைந்து மாதம் பாராமுகமாயிருந்தால் அழுத்தம் 20 சதவீதம் குறைந்துவிடக்கூடும். அப்போது உருளல் தடை ஏறத்தாழ 10 சதவீதம் உயர்கிறது. விலை கொடுத்து வாங்கிய சிக்கனத்தில் ஒரு பங்கு இவ்வாறே கரைகிறது. டயரின் ஓரங்கள் தேய்கின்றன. மழையில் பிடிப்பும் தளர்கிறது. மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காற்றை அளந்து நிரப்புவதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடமே. மாற்று டயரின் முழுப்பயனையும் பெறுவதற்கு இதனினும் எளிய, செலவில்லாத வழி வேறில்லை.